இடம் காப்பவர்

விடுதலை என்பது இளைஞர்களுக்கு இனிக்கும் சொல். வீட்டை விட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வந்து படிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அஃது இன்னும் இனிக்கும். எப்போது எழுவது, எப்போது உண்பது, எந்த வகுப்புக்குப் போவது, எதற்குப் போகாமல் இருப்பது என்பவற்றை எல்லாம் நாமே முடிவு செய்கிறோம். கேட்பாரும் இல்லை, தடுப்பாரும் இல்லை. இதுவே விடுதலை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இந்த எண்ணம் எவ்வளவு சரி என்று நான் சில காலமாக ஆராய்ந்து வருகிறேன். ஆராய்ச்சிக்குத் தூண்டியது பெரிய நூல் எதுவும் அன்று; ஒரு கணினி விளையாட்டு.

சிரிக்க வேண்டா, நண்பர்களே! நம் சங்கத்து இதழில் இலக்கியமும் வரலாறும் எழுதும் அன்பர்களுக்கிடையே விளையாட்டைப் பற்றி எழுத வந்திருக்கிறேனே என்று எண்ண வேண்டா. சிறிய பொருளில் பெரிய பொருள் தெரிவது உண்டு. பனித்துளியில் பனைமரம் தெரிவதில்லையா?

‘ஃபுட்பால் மேனேஜர்’ என்பது அந்த விளையாட்டின் பெயர். கால்பந்துதான், ஆனால் பந்தை உதைப்பது நம் வேலை அன்று. அணியின் மேலாளராக இருப்பதே நம் வேலை. யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரை எந்த இடத்தில் நிறுத்துவது, எப்படி ஆடச் சொல்வது என்று முடிவு செய்துவிட்டுக் களத்தின் ஓரமாக நின்றுகொள்ள வேண்டும். ஆட்டம் தொடங்கிவிட்டால், பதினொருவரும் நம் சொல்லை எந்த அளவு கேட்கிறார்கள் என்று பார்த்து மகிழலாம், அல்லது வருந்தலாம். இங்கிலாந்தில் பால் காலியர், ஆலிவர் காலியர் என்ற சகோதரர் இருவர் 1992-இல் ‘சாம்பியன்ஷிப் மேனேஜர்’ என்ற பெயரில் கொண்டுவந்த விளையாட்டே இதன் மூலம். 2004-இல் வந்த பதிப்பு முதல் இப்போதைய பெயர் வழங்குகிறது.

நான் பிறந்த கோவில்பட்டி ஹாக்கி ஊர். அங்கே சிறுவர்கள் மட்டையைத் தேடுவார்களே அன்றிக் கால்பந்தைத் தேடுவது குறைவு. ஹைதராபாத்துக்கு முதுகலை இயற்பியல் படிக்க வந்தபோது, விடுதியில் எனக்கு வாய்த்த அறைத் தோழர் மலப்புரத்துக்காரர். மலப்புரத்தில் பிறந்தவரிடம் கால்பந்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? இரவு உணவுக்குப் பின் அவருடைய மடிக்கணினியில் இந்த ஆட்டம் ஓடும். அவர் ஆடுவார், நான் பார்ப்பேன். பிறகு நானும் ஆடத் தொடங்கினேன். இங்கிலாந்துக் கால்பந்தின் ஆறாம் அடுக்கில் இருந்த ஓர் எளிய அணியை எடுத்துக்கொண்டேன். பணம் இல்லை, பெயர் பெற்ற ஆட்டக்காரர் இல்லை. இருப்பவர்களை எப்படி நகர்த்துவது என்பது ஒன்றே என் கையில் இருந்தது.

இங்கேதான் நான் சொல்ல வந்த செய்தி தொடங்குகிறது. இந்த ஆட்டத்தில் ஆட்டக்காரருக்கு நாம் இருவகை உரிமை தரலாம். புதிதாக ஆடுவோர் இரண்டையும் ஒன்று என்று எண்ணுவர். அவை ஒன்றல்ல, வேறு வேறு.

முதலாவது, இடம் பெயரும் உரிமை. பந்து தன் காலில் இல்லாதபோது ஒருவன் எங்கே போகலாம் என்பது பற்றியது இது. “உன் இடத்தை விட்டு உலவு” என்று சொல்லலாம். “உன் இடத்தைக் காத்து நில்” என்றும் சொல்லலாம். இரண்டாவது, முடிவு செய்யும் உரிமை. மேலாளர் சொன்னதை விட்டுத் தன் அறிவுப்படி எந்த அளவு நடக்கலாம் என்பது பற்றியது அது. பக்கத்தில் இருப்பவனுக்குப் பந்தைக் கொடு என்று நாம் சொல்லியிருப்போம். அவனோ தொலைவில் ஒரு வழி திறந்திருப்பதைக் கண்டு அங்கே அனுப்புவான். முதல் உரிமை காலுக்குத் தருவது. இரண்டாம் உரிமை கருத்துக்குத் தருவது என்று சொல்லலாம்.

பழைய பதிப்புகளில் இவ்விரண்டும் வெளிப்படையாகத் தெரிந்தன. 2001-இல் வந்த பதிப்பில், பந்து நம்மிடம் இருக்கும்போது ஒவ்வொருவனும் எங்கே நிற்க வேண்டும், எதிரியிடம் இருக்கும்போது எங்கே நிற்க வேண்டும் என்று களப்படத்தில் தனித்தனியே குறித்துக் காட்டலாம். பிறகு வந்த பதிப்புகளில், முடிவு செய்யும் உரிமைக்கு 20 படிகள் கொண்ட ஓர் அளவுகோல் இருந்தது. ஒருவனுக்கு 3, மற்றொருவனுக்கு 18 என்று அதை நகர்த்தி வைக்கலாம். உலவும் உரிமைக்கு வேறொரு குறி இருந்தது. முன்னேறி ஓடுவது அரிதாகவா, இடையிடையேயா, அடிக்கடியா என்பதற்கு இன்னொரு குறி. 2009-இல் வந்த பதிப்பு, எண்களுக்கு மேல் ‘பாத்திரம்’, ‘கடமை’ என்ற முறையைக் கொண்டுவந்தது. 2013-இல் வந்த பதிப்பில் அந்த அளவுகோல்கள் அறவே நீங்கின. 2025 நவம்பரில் வந்த பதிப்போ, பந்து இருக்கும்போது ஓர் அணிவகுப்பு, பந்து இல்லாதபோது வேறோர் அணிவகுப்பு என்று மறுபடியும் பிரித்துக் காட்டுகிறது. கால் நூற்றாண்டில் வழி சுற்றி வந்துவிட்டது.

முந்திய பதிப்புகளில் இருந்த பாத்திரங்களின் பெயரைப் பாருங்கள். ‘டிரெகுவார்டிஸ்டா’ என்று ஒருவர். இத்தாலியச் சொல். அவர் பந்தைத் தேடி விரும்பிய இடத்துக்குப் போவார். எதிரியைத் துரத்தும் கடமை அவருக்கு மிகக் குறைவு. ‘ராவும்டாய்ட்டர்’ என்று இன்னொருவர். வெற்றிடத்தை அறிந்து அங்கே தோன்றுபவர் என்று பொருள். ஜெர்மனியின் தாமஸ் முல்லர் 2011-இல் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொண்ட சொல் அது. ‘ஆங்கர்’ என்று வேறொருவர். நங்கூரம் என்று பொருள். அவர் நடுக்களத்தின் பின்புறம் நின்ற இடத்தை விட்டு நகரமாட்டார். முதல் இருவரையும் பற்றிப் பேசுவோர் பலர். நங்கூரத்தைப் பற்றிப் பேசுவோர் சிலர்.

உரிமை எவருக்குத் தருவது? இந்த ஆட்டத்தில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் முப்பதுக்கு மேற்பட்ட பண்புகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 20 வரை ஓர் எண் உண்டு. உலவும் உரிமை பெறுபவனுக்குப் பந்தில்லா நகர்வு என்ற பண்பு உயர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் அவன் உலவுவான்; ஆனால் பயனற்ற இடங்களில் உலவுவான். முடிவு செய்யும் உரிமை பெறுபவனுக்குத் துணிந்து புதுமை செய்யும் பண்பு மட்டும் போதாது. நல்ல முடிவெடுக்கும் பண்பும் வேண்டும். முன்னது இருந்து பின்னது இல்லாதவன் நாற்பது கெஜத்திலிருந்து கோலை நோக்கி உதைப்பான். பந்து பார்வையாளர் கூட்டத்தில் போய் விழும். துணிவு, முயற்சி செய்யத் தூண்டுகிறது. அறிவு, எப்போது முயல்வது என்று சொல்கிறது.

அறிவியல் மாணவர் ஆதலால் எனக்கு ஒரு சோதனை செய்யத் தோன்றியது. ஓர் ஆட்டத்துக்கு முன்னே நிலையைச் சேமித்து வைத்துக்கொண்டு, அதே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடினேன். ஒரே ஆட்டத்தில் வெற்றியோ தோல்வியோ வந்தால் அது எதையும் மெய்ப்பிக்காது; இந்த ஆட்டத்தில் தற்செயலுக்கும் இடம் உண்டு. ஆகையால் ஒவ்வோர் அமைப்பையும் பத்து முறை ஆடவிட்டேன். பத்தும் சிறிய தொகைதான். ஆயினும் தேர்வுக்கு முந்திய வாரத்தில் அதற்குமேல் ஆடினால் என் பேராசிரியர் மன்னிக்கமாட்டார்.

முதல் அமைப்பில் களத்தில் ஆடிய பத்துப் பேருக்கும் இயன்ற அளவு உரிமை கொடுத்தேன். அணி முழுவதற்கும் “மனம்போல் ஆடுங்கள்” என்ற கட்டளையும் கொடுத்தேன். இரண்டாம் அமைப்பில் ஒருவனுக்கு மட்டும் உலவும் உரிமை. அவனுக்குப் பின்னே ஒருவன் நங்கூரம். இடப்பக்கக் காவலர் முன்னேறினால் வலப்பக்கக் காவலர் பின்தங்க வேண்டும். மற்றவை அனைத்தும் மாறவில்லை.

முதல் அமைப்பு கண்ணுக்கு அழகாக இருந்தது. பந்து நம்மிடம் இருந்தவரையில் எல்லோரும் எங்கும் தோன்றினார்கள். பந்து பறிபோனவுடன் நடுக்களம் ஆளில்லாத் திடலாய்க் கிடந்தது. எதிரணியார் அதன் வழியே நடந்தே வந்தார்கள் எனலாம். நாங்களும் கோல் அடித்தோம். அவர்கள் அதைவிட மிகுதியாக அடித்தார்கள். இரண்டாம் அமைப்பில் வாங்கிய கோல்கள் குறைந்தன. அதை நான் எதிர்பார்த்திருந்தேன். எதிர்பாராதது வேறொன்று: உரிமை பெற்ற அந்த ஒருவன், முதல் அமைப்பில் ஆடியதைவிட இரண்டாம் அமைப்பில் நன்றாக ஆடினான். அவனுக்குத் தந்த உரிமையில் கூடுதல் இல்லை, குறைவும் இல்லை. பின் ஏன் இந்த மாற்றம்?

விடையைச் சொன்னவர் மலப்புரத்து நண்பர். கட்டிலில் படுத்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: “ஓடுகிறவனைப் பார்க்காதே. அவன் விட்டுப்போன இடத்தைப் பார். அங்கே யாராவது வந்து நிற்கிறார்களா?”

அன்று முதல் நான் பந்தைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு விட்டுப்போன இடங்களைப் பார்க்கத் தொடங்கினேன். எல்லோரும் உலவும்போது, ஒருவன் ஓடிவந்து சேரும் இடத்தில் முன்பே இன்னொருவன் உலவிக்கொண்டிருக்கிறான். இடமும் கிடைப்பதில்லை; பந்தை இழந்தால் காப்பாரும் இல்லை. ஒருவன் நின்றால்தான் மற்றவன் போவதற்குப் பொருள் உண்டாகிறது.

இது கணினிக்குள் மட்டும் நடக்கும் விந்தை அன்று. 1953-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள், லண்டன் வெம்பிளி மைதானத்தில் ஹங்கேரி அணி இங்கிலாந்தை 6–3 என்ற கணக்கில் வென்றது. அதுவரை ஐரோப்பியக் கண்டத்து அணி எதனிடமும் இங்கிலாந்து தன் மண்ணில் தோற்றதில்லை. ஹங்கேரியின் நடு முன்னணி ஆட்டக்காரர் ஹிடேகுட்டி. முன்னணியில் நிற்க வேண்டியவர் அவர்; ஆனால் பின்னே இறங்கி வந்து நடுக்களத்தில் ஆடினார். அவரைக் காக்க வேண்டிய ஆங்கிலேயர் ஹாரி ஜான்ஸ்டன் திகைத்தார். தொடர்ந்து போனால் பின்னே பெரும் வழி திறந்துவிடும். போகாமல் நின்றால் ஹிடேகுட்டி தனியே விடப்படுவார். ஹிடேகுட்டி அன்று மூன்று கோல் அடித்தார். உலகம் அவரையும் புஷ்காஷையும் கொண்டாடியது, இன்றும் கொண்டாடுகிறது. ஆனால் அதே அணியில் ஜகாரியாஷ் என்று ஒருவர் இருந்தார். நடுக்களத்து ஆட்டக்காரரான அவர், காவலர்களுக்கு அருகே பின்தங்கி நின்றார். அவர் நின்றதனால் போஷிக் முன்னேறினார், ஹிடேகுட்டி உலவினார், புஷ்காஷ் கோல் அடித்தார். ஜகாரியாஷின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வெம்பிளி வரை போக வேண்டியதில்லை. நாம் படிக்கும் இந்த ஹைதராபாத்திலேயே சான்று உண்டு. இந்நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் சையத் அப்துல் ரகீம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அவர் பயிற்றுவித்த இந்திய அணி நான்காம் இடம் பெற்றது. 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், இந்தியாவின் சிறந்த காவலரான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம்பட்டுத் தையல் போட நேர்ந்தது. காவலர் இடத்தில் அவரை நிறுத்துவது கடினம். ரகீம் அவரை அணியிலிருந்து நீக்கவில்லை; முன்னணியில் நிறுத்தினார். இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை இந்தியா 2–1 என்று வென்றது. பி.கே. பானர்ஜி ஒரு கோலும், ஜர்னைல் சிங் ஒரு கோலும் அடித்தனர். காவலர் ஒருவர் முன்னே போய்க் கோல் அடித்தார் என்ற செய்தி அனைவருக்கும் இனிக்கிறது. அவர் விட்டுப்போன பின்களத்தில் அருண் கோஷ் முதலியோர் நின்றார்கள் என்பதையும் சேர்த்து நினைத்தால்தான் அந்த வெற்றி முழுமையாக விளங்கும். மறு ஆண்டே, 1963-இல், ரகீம் மறைந்தார். இந்நகரத்தில் வாழும் நாம் அவரை ஒருமுறையேனும் நினைப்பது நன்று.

எங்கள் இயற்பியலில் சுதந்திர இயக்கக்கூறுகள் என்று ஒரு கருத்து உண்டு. ஓர் அணு மூன்று திசைகளில் இயங்கலாம். ஆகவே அதற்கு மூன்று கூறுகள். தனித்த இரண்டு அணுக்களுக்கு ஆறு. அவற்றை மாறா நீளமுள்ள ஒரு பிணைப்பால் இணைத்தால் ஆறு என்பது ஐந்தாகிறது. ஒன்று குறைந்துவிட்டது. இழப்புத்தானே என்று தோன்றும். ஆனால் அந்த ஐந்தில் மூன்று மட்டுமே நேர் இயக்கம். மற்ற இரண்டும் சுழற்சி. தனித்த அணுவுக்கு இந்தச் சுழற்சியைக் கணக்கில் கொள்வதே இல்லை. பிணைப்பு ஓர் உரிமையை எடுத்துக்கொண்டு, தனியாக இருந்தால் கிட்டாத ஓர் இயக்கத்தைத் தருகிறது. வகுப்பில் இதைப் படித்தபோது சூத்திரமாக மட்டும் தெரிந்தது. ஆட்டத்தில் பார்த்தபின் பொருளாகத் தெரிந்தது.

இனி என் வீட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இவ்வளவு நீண்ட முன்னுரை அதற்காகத்தான்.

என் அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். கணிதத்தில் பட்டம் பெற்றவள். ஆசிரியர் ஆக வேண்டும் என்பது அவள் விருப்பம். நான் இளங்கலையில் சேர்ந்த ஆண்டில் அப்பாவுக்குப் பக்கவாதம் கண்டது. அம்மாவால் தனியே சமாளிக்க முடியாது. அக்கா, தீப்பெட்டி அலுவலகம் ஒன்றில் கணக்கெழுதும் வேலையில் சேர்ந்தாள். காலையில் அப்பாவுக்குப் பயிற்சி, பகலில் அலுவலகம், மாலையில் மருந்துக்கடை, ரேஷன், மின்கட்டணம். முதுகலைக்கு இவ்வளவு தொலைவு வருவதற்கு நான் தயங்கியபோது, “நீ போயிட்டு வாடா. இங்க நான் பாத்துக்கிறேன்” என்றாள். நான் வந்தேன். இங்கே என் விருப்பப்படி எழுகிறேன்; உண்கிறேன்; ஆய்வகத்தில் நள்ளிரவு வரை இருக்கிறேன்; நண்பரோடு ஆட்டம் ஆடுகிறேன். என் விடுதலை என்று நான் எண்ணிக்கொண்டிருந்தது, கோவில்பட்டியில் ஒருத்தி நின்ற இடத்தில் நிற்பதனால் எனக்குக் கிடைத்தது. அவள் நங்கூரம், நான் உலவுகிறேன்.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அக்கா ஒன்று சொன்னாள். அப்பா இப்போது கோலூன்றி நடக்கிறார். அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கரும்பை நறுக்கிக்கொண்டே, “எனக்கும் பி.எட். படிக்கணும்னு இருக்குடா. இப்ப இல்லாட்டி இனிமே முடியாது” என்றாள். சொன்ன உடனே பேச்சை மாற்றிவிட்டாள். என்னிடம் எதையும் கேட்கவில்லை. கேட்காததுதான் என்னை உறுத்தியது.

பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. பாளையங்கோட்டையில் படிப்பதென்றால் விடுதியில் தங்க வேண்டும். அப்போது வீட்டில் யார் இருப்பது?

நம் ஆட்டத்தில் இன்னொரு கட்டளையும் உண்டு. ‘இடம் மாற்றிக்கொள்’ என்பது அது. இரண்டு ஆட்டக்காரரைக் குறித்துவிட்டால், ஆட்டத்தின் நடுவே அவர்கள் ஒருவர் இடத்துக்கு மற்றவர் மாறி மாறிப் போவார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: இருவருக்கும் இரண்டு இடமும் பழகியிருக்க வேண்டும். பழகாத இடத்தில் நிறுத்தப்பட்டவன் தடுமாறுவான். எந்த இடம் எந்த அளவு பழக்கம் என்பதையும் ஆட்டம் கணக்கு வைத்திருக்கிறது.

நான் முடிவு செய்துவிட்டேன். இந்த ஆண்டு தேர்வு முடிந்ததும் ஊருக்குத் திரும்புகிறேன். கோவில்பட்டியில் ஒரு தனிப்பயிற்சி நிலையத்தில் இயற்பியல் சொல்லித்தரும் வேலை கிடைத்திருக்கிறது. ஆராய்ச்சிப் படிப்பு இரண்டு ஆண்டு காத்திருக்கும். இங்குள்ள நண்பர்கள் சிலர் வருந்துகிறார்கள். “இரண்டு ஆண்டு பெரிய இடைவெளி; திரும்ப வருவது எளிதன்று” என்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யன்று. எனக்கும் அந்த அச்சம் உண்டு. இதைத் தியாகம் என்று எவரும் சொல்ல வேண்டா. ஐந்து ஆண்டு ஒருத்தி நின்ற இடத்தில் இரண்டு ஆண்டு நிற்பதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டுவது கணக்குக்குப் பொருந்தாது.

அக்கா முதலில் மறுத்தாள். பிறகு அழுதாள். இப்போது தொலைபேசியில் எனக்குப் பாடம் நடத்துகிறாள். அப்பாவுக்கு எந்த மாத்திரை உணவுக்கு முன்னே, எது பின்னே. எந்தக் கையைப் பிடித்து எழுப்ப வேண்டும். ரேஷன் கடையில் எந்த நாளில் கூட்டம் குறைவு. அம்மா கோபமாக இருக்கிறாள் என்பதை எந்தச் சொல்லைக் கொண்டு அறிவது. நான் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறேன். பழகாத இடம்; பழகிக்கொள்ள வேண்டும். இவ்வளவு கற்க வேண்டியிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. நின்றுகொண்டிருப்பது எளிய வேலை என்று தொலைவிலிருந்து பார்ப்பவருக்குத்தான் தோன்றும்.

அன்பு நண்பர்களே, இந்தச் சங்கத்தில் நாம் பலரும் ஊர் விட்டு வந்தவர்கள். உலவும் உரிமை பெற்றவர்கள். அதற்காக வெட்க வேண்டியதில்லை. உரிமை பெற்றவன் நன்றாக ஆட வேண்டும் என்பதே அணியின் விருப்பமும். ஆனால் நமக்காக இடம் காத்து நிற்பவர் எவர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அண்ணனாக இருக்கலாம், அக்காவாக, தங்கையாக, அம்மாவாக இருக்கலாம். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, அவருக்கு எங்கேனும் போக விருப்பம் உண்டா என்று கேளுங்கள். பலர் இல்லை என்பார்கள். இரண்டாம் முறையும் கேளுங்கள்.